பாறைப் பிளவும் அதிர்வலையும்

(சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கோ ஓரிடத்தில் நிலம் அதிர்கிறது. தொலைவிலுள்ள நில அதிர்வுக் கருவி அதனைப் பதிவு செய்கிறது. அது நிலநடுக்கமா, நிலத்தடியில் மறைவாக வெடித்த அணுகுண்டா? 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் அணுச் சோதனைகளைத் தடுத்தது. அதில் சேர்ந்த வல்லரசுகள் தம் சோதனைகளை நிலத்தடியில் நடத்தின. எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் உடன்படிக்கை 1996இல் கையெழுத்துக்கு வந்தது. மறைவான சோதனையைக் கண்டறிய இயலாவிடின், அவ்வுடன்படிக்கை வெறும் தாளே ஆகும்.

பாடநூல் கூறும் விடை எளியது. வெடியானது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகத் தள்ளுவதால், பாறையை அழுத்திச் செல்லும் அலையே எழவேண்டும். நிலநடுக்கத்திலோ பாறைகள் உராய்ந்து சறுக்குவதால், பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலை மிகுதியாக எழும். ஆயினும் வெடிகளின் பதிவுகளிலும் குறுக்கலை காணப்பட்டது. அது எங்கிருந்து வந்தது?

இதனை ஆராய, அமெரிக்காவின் நெவாடா சோதனைத் தளத்தில், கிளைமாக்ஸ் எனப்படும் கருங்கற் பாறையில் 2011 முதல் 2016 வரை ஆறு வேதி வெடிகள் வெடிக்கப்பெற்றன. 1962இலும் 1966இலும் அணுகுண்டுகள் வெடிக்கப்பட்ட பாறை அது. முதல் வெடி ஏறத்தாழ 100 கிலோகிராம் டி.என்.டி.க்கு ஈடானது, 55 மீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்டது. ஐந்தாவது வெடி ஏறத்தாழ 5 டன். ஆழம் 76 மீட்டர்.

இவ்வெடிகளை லிவர்மோர் ஆய்வகத்தார் கணிப்பொறியிலும் நிகழ்த்திப் பார்த்தனர். பாறையைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டமும் அடுத்ததை எவ்வளவு தள்ளுகிறது என்பதை, நொடியின் மிகச் சிறு கூறுதோறும் நியூட்டன் விதிப்படி கணக்கிடுவதே இம்முறை. வெடிக்கு அருகில் பாறை நொறுங்கும்; சற்று அப்பால் பிளக்கும்; அதற்கும் அப்பால் அதிர்ந்து பழைய நிலைக்கு மீளும். பிளவற்ற ஒரே கட்டியாகப் பாறையைக் கொண்டபோது, வெடிக்கு அருகே பக்கவாட்டு அசைவு தோன்றவில்லை. இயற்கையாக உள்ள பிளவுகளையும் அவற்றின் சாய்வையும் உராய்வையும் கணக்கில் சேர்த்தபோது அது தோன்றியது. அலை பிளவைக் கடக்கையில் அதன் இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதே காரணம். பாறைத் துளைகளில் புதைத்து வைத்த கருவிகளும் அத்தகைய அசைவைப் பதிவு செய்திருந்தன.

பாறையினுள் உள்ள எல்லாப் பிளவுகளையும் எவராலும் காண இயலாது. துளையிட்டு எடுத்த கற்களில் காணும் பிளவுகளைக் கொண்டு, காணாதவற்றை நிகழ்தகவு முறையில் அமைத்துப் பலமுறை கணக்கிட வேண்டும். கணிப்பொறி நாம் கொடுத்ததை மட்டுமே எண்ணும். நாம் விட்டுவிட்டதை ஏன் என்று கேளாது. ஆகவே களத்தில் அளந்து சரிபார்க்கப்படாத கணக்கு அறிவியல் ஆகாது.

கல்லுடைக்கும் தொழிலாளி கல்லின் பிளவைப் பார்த்த பின்னரே உளி வைக்கிறார். அவர் கண்ணால் அறிந்ததை எண்ணால் எழுதுவதே இவ்வறிவியல். இளைஞர்களே, கணிதமும் இயற்பியலும் நமக்கு எட்டாதவை என எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். அவற்றின் முதற்பாடம் நம் உழைப்பாளரின் கையிலேயே இருக்கிறது. அதனை மேலே கொண்டுசெல்வது உங்கள் கடமை.