கணக்கில் வராத குழந்தைகள்



குழந்தை நலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரக்கத்திலிருந்து தொடங்குவர். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பதிவேடுகளோடு பழகியவன். ஆகவே, கணக்கிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

ஒரு குழந்தையைச் சோதித்து, 'இதற்கு அறிவு வளராது' என்று தீர்ப்பெழுதுவது எளிது. ஆனால், அத்தீர்ப்பு அக்குழந்தையைப் பற்றியதா, அது வளரும் இடத்தைப் பற்றியதா? அறிஞர் பலரை இவ்வினா வாட்டியிருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்கீல்ஸ், டை என்னும் இருவர் 1939ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நெரிசல் மிகுந்த அநாதை விடுதியிலிருந்து, மூன்று வயதுக்கு உட்பட்ட 13 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லத்துக்கு மாற்றப்பட்டனர். அங்கு வாழ்ந்த பெண்கள் அக்குழந்தைகளை இடுப்பில் சுமந்தனர், பேச்சுக் கொடுத்தனர், விளையாட்டுக் காட்டினர். குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 64இலிருந்து 92ஆக உயர்ந்தது. விடுதியிலேயே தங்கிய 12 குழந்தைகள் தொடக்கத்தில் 87 பெற்று முந்தியிருந்தவர்கள். அவர்களோ 61க்கு வீழ்ந்தனர். அறிவு குறைந்தவர் என்று உலகம் ஒதுக்கிவைத்த பெண்களே அந்தப் 13 பேருக்கும் அறிவூட்டினர் என்பது எவ்வளவு வியப்பு! வளர்ந்தபின் அப்பதின்மூவரும் சொந்தக்காலில் நின்றனர் என்று 1966இல் வந்த தொடராய்வு தெரிவித்தது.

சிறு எண்ணிக்கையைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரலாமா என்று சிலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. அதற்கு விடை தேட நெடுங்காலம் சென்றது.

ருமேனியா நாட்டில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடைந்து கிடந்ததை உலகம் கண்டது. நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்னும் அமெரிக்க அறிஞர்கள் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஆய்வைத் தொடங்கினர். 136 குழந்தைகளைத் தெரிந்து, திருவுளச்சீட்டு முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் சேர்ப்பித்தனர். நான்கரை வயதில் குடும்பத்தில் வளர்ந்தோரின் சராசரி ஈவு 81, மற்றவர்களுடையது 73. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்த குழந்தைகள் மிகுதியாக நலம் பெற்றனர். பயிருக்குப் பருவத்தே பாயும் நீர் போன்றது, குழந்தைக்குக் கிடைக்கும் மடி.

இனி, அவ்வாய்வின் மற்றொரு கணக்கைக் கேளுங்கள். முதலில் பரிசோதிக்கப்பட்டவர்கள் 187 குழந்தைகள். மரபணுக் கோளாறு முதலிய மருத்துவக் காரணங்களால் அவர்களில் 51 பேர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. வளரும் இடத்தின் விளைவை மட்டும் தனித்து அளப்பதற்கு அம்முறை வேண்டியிருந்தது. அதில் குறைகூற இடமில்லை. ஆயினும், அந்த 51 பேருக்கும் ஒரு மடி வேண்டுமன்றோ? அவர்களைப் பற்றி ஆய்வு மௌனம் சாதிக்கிறது. மௌனத்தைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இங்கேதான் உரிமை தொடங்குகிறது. பயன் எவ்வளவு என்று மெய்ப்பித்துக் காட்டிய பின்னர் வழங்கப்படுவது சலுகை. மதிப்பெண் உயர்ந்தாலும் உயராவிட்டாலும் உரியது உரிமை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென 23ஆம் பிரிவையே ஒதுக்கியது. 2006இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை அடுத்த ஆண்டே நம் நாடு ஏற்றது. நமது 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம் என்கிறது அதன் 31ஆம் பிரிவு.

சட்டம் பள்ளிக் கதவைத் திறப்பது ஆறாம் வயதில். ஆராய்ச்சி சுட்டுவதோ இரண்டாம் வயதை. இடைப்பட்ட நான்காண்டுகளை யார் காப்பது? குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க அரசு வகைசெய்ய வேண்டுமென அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு பணிக்கிறது. அப்பரிசோதனை நடைபெறுகிறதா என்று கேட்பது நம் கடமை.

பள்ளிச் சேர்க்கையின்போது, "வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள்?" என்று பெற்றோரைக் கேட்பது என் வழக்கம். விரல்விட்டு எண்ணிவரும் தாய் ஒருத்தி, கடைசி விரலில் தயங்குவாள். "இன்னொண்ணு இருக்குதுங்க ஐயா, அது பள்ளிக்கூடத்துக்கு ஆகாதுங்க" என்பாள். அந்தத் தயக்கத்தை எத்தனையோ முகங்களில் கண்டிருக்கிறேன். உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள் ஏதேனும் குறைபாட்டுடன் வாழ்வதாக யூனிசெஃப் 2021இல் மதிப்பிட்டது. மற்றக் குழந்தைகளைவிட, இவர்கள் பள்ளியையே காணாதிருக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு அதிகம் என்றும் அது கூறிற்று. அத்தனை பெரிய தொகை, இத்தகைய தயக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து திரண்டதேயாகும்.

ஆசிரிய நண்பர்களே, அந்தக் கடைசி விரலையும் எண்ணுங்கள். அண்டை வீட்டாரே, அத்தாயிடம் அநுதாபத்தோடு நின்றுவிடாமல், அங்கன்வாடிக்கும் மருத்துவரிடமும் அவளுக்குத் துணையாகச் செல்லுங்கள். பெற்றோரே, 'ஆகாது' என்ற சொல்லை உங்கள் வாயால் முந்திச் சொல்லிவிடாதீர்கள். குழந்தையின் பெயர் முதலில் பதிவேட்டில் ஏறட்டும். அதற்கேற்ப நடந்துகொள்ளப் பள்ளி கற்றுக்கொள்ளட்டும்.