‘ஏன்’ என்று கேட்கக் கற்ற கோபிசந்த்



தெலுங்கு நாவல், தெலுங்கு சினிமா இரண்டிலும் உழைத்தவர்களில் மறக்கக் கூடாதவர் திரிபுரநேனி கோபிசந்த். 1910-இல் கிருஷ்ணா மாவட்டத்து அங்கலூரில் பிறந்தார். தந்தை ராமசாமி சௌத்ரி, ஆந்திரம் ‘கவிராஜு’ என்று போற்றிய பகுத்தறிவாளர். ராமன் கையால் நடந்த சம்பூகன் வதையை நாடகமாக்கி, அவன் செய்தது நியாயமா என்று கேட்ட துணிச்சல்காரர்.

மகன் சட்டம் படித்தார். ஆனால் மனம் போனது கதைக்கும் சினிமாவுக்கும்தான். கூடவல்லி ராமபிரம்மம் இயக்கத்தில் 1939-இல் வெளிவந்த ‘ரைத்து பிட்ட’ படத்தின் வசனத்தில் அவர் கை இருந்தது. ஜமீன்தாரின் பிடியில் நசுங்கும் குடியானவனின் கதை அது. அதற்குப் பணம் போட்டவரோ சல்லபள்ளி ஜமீன்தார்! மற்ற ஜமீன்தார்கள் கொதித்தெழுந்தார்கள். படம் தடையையும் சந்தித்தது.

1940-களில் வந்தது ‘அசமர்த்துனி ஜீவயாத்ர’. தெலுங்கின் முதல் உளவியல் நாவல் என்று விமர்சகர்கள் மதிக்கும் நூல். அதன் நாயகன் சீதாராமராவ், குடும்பப் பெருமையைக் காக்க வேண்டும் என்ற தந்தையின் சொல்லைத் தலைமேல் சுமக்கிறான். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறான். சொத்து கரைகிறது, பெற்றுக்கொண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உழைத்துப் பிழைக்கவும் தெரியாது, தோல்வியை ஒப்புக்கொள்ளவும் முடியாது. தன்னையும் ஊரையும் வெறுத்து, கடைசியில் சுடுகாட்டில் போய் அழிகிறான். அவன்மேல் நமக்குக் கோபமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. இந்த நாவலைக் கோபிசந்த் காணிக்கையாக்கியது, ‘ஏன்’ என்று கேட்கக் கற்றுத் தந்த தன் தந்தைக்கு.

இயக்குநராகவும் உழைத்தார். 1950-இல் அவருடைய ‘லக்ஷ்மம்மா’ வந்தது. அதே ஆண்டில் அதே கதையைக் கண்டசாலா பலராமய்யாவும் படமாக்கியிருந்தார்! ‘பேரண்டாலு’, ‘ப்ரியுராலு’ என்று மேலும் படங்கள் தொடர்ந்தன. ஆனாலும் அவர் பெயரை நிலைநாட்டியது எழுத்துதான்.

சிந்தனையாளர் எம்.என்.ராயின் அரசியல் இயக்கத்தில் தீவிரமாக ஈடுபட்டிருந்தவர், பிற்காலத்தில் அரவிந்தரின் தத்துவத்தை நாடினார். இதைத் தடுமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. தந்தை கற்றுத் தந்த கேள்வியைத் தன் நம்பிக்கைகளிடமும் கேட்கத் துணிந்தார் அவர்.

1962-இல் காலமானார். அடுத்த ஆண்டு ‘பண்டித பரமேஸ்வர சாஸ்த்ரி வீலுநாமா’ நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் தெலுங்கு நாவல் அதுவே. அவர் மகன் சாய்சந்த், தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தைச் சொன்ன ‘மா பூமி’ படத்தில் நாயகனாக நடித்தார்.

தெலுங்கு சினிமா வளர்ந்தது சென்னையின் ஸ்டூடியோக்களில்தான். அந்த உறவை நினைத்தாவது, தமிழ் வாசகர்கள் சீதாராமராவை ஒருமுறை சந்திக்க வேண்டும்.