சிறு கல்லூரியும் கூடைப்பந்தும்



மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பசுமலையையும் திருப்பரங்குன்றத்தையும் கடந்து, மொத்தம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் திருமங்கலம் வரும். அந்த வட்டாரத்தில் கால் வைத்ததும் மண்ணின் நிறம் மாறியிருப்பதைக் காணலாம். கரிசல் பூமி. பருத்திக்கு உகந்த அந்த மண், கூடைப்பந்தாட்டத்துக்குப் பெரும்பகை. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் குழைந்து காலைப் பற்றிக்கொள்ளும். தரையில் மோதிய பந்து கைக்கு நேரே எழும்ப வேண்டிய ஆட்டம் அது. கரிசலில் மோதிய பந்து எப்பக்கம் எழும் என்பதைச் சோதிடம் வல்லாரும் சொல்ல இயலாது.

மேலே ஒரு சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் குறை தீர்ந்துவிடாதோ என்று நீங்கள் கேட்கலாம். தீராது. கரிசல் மண் நீரை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில், மேலே உள்ள தளம் சில மழைக்காலங்களுக்குள் விரிசல் கண்டுவிடும். ஆதலின், கரிமண்ணை வெட்டி அகற்றிவிட்டு, சரளை மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கிய பின்னரே தளம் இட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இரண்டு கம்பங்களைக் காட்டிலும், கண்ணுக்குத் தெரியாத அடிமண்ணுக்கே செலவு மிகுதி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இந்த அடிமண்ணுக்கும் மிகுந்த தொடர்பு உண்டு.

கூடைப்பந்து ஏழையின் ஆட்டமாகவே பிறந்தது எனலாம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே கடுங்குளிர். உள்ளே உடற்பயிற்சி செய்து சலித்துப்போன 18 மாணவர்கள். அவர்களுக்குப் புதியதோர் ஆட்டத்தைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு, கனடா நாட்டவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் பள்ளியின் காவலாளியிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டிகள் கிடைக்கவில்லை, பீச்சுப் பழம் வந்த இரண்டு கூடைகளே கிடைத்தன. அவற்றை மாடத்தின் கைப்பிடியில் அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். பந்தும் கால்பந்தாட்டத்திலிருந்து கடன் வாங்கியது. ஆளுக்கு ஒன்பது பேராக இரு பக்கமும் நின்று ஆடினார்கள். பந்து கூடையில் விழுந்துவிட்டால் ஒருவர் ஏறிச் சென்று எடுத்துத் தர வேண்டும்! பள்ளியில் கிடந்த பொருள்களைக் கொண்டே ஓர் உலக விளையாட்டு அரும்பிவிட்டது.

ஒய்.எம்.சி.ஏ. சங்கங்களின் வழியாகவே அது இந்தியாவுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் நம் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களாக வந்தார்கள். 1934-இல் டில்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1950-இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தோன்றியது.

சிறு கல்லூரிக்கு இவ்வாட்டம் ஏற்றது என்பதை ஒரு கணக்கால் விளக்கிவிடலாம். கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். கூடைப்பந்துக் களமோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமுமே கொண்டது. சுற்றிலும் இரண்டு மீட்டர் இடம் விட்டாலும் 15 சென்ட் நிலம் போதும். களத்தில் நிற்பவர் பக்கத்துக்கு ஐவர். முந்நூறு மாணவர் படிக்கும் கல்லூரியிலும் ஓர் அணி சேர்ந்துவிடும். மகளிருக்கும் இது தொடக்க முதலே உரிய ஆட்டம். நெய்ஸ்மித்தின் ஆட்டம் தோன்றிய மறு ஆண்டே அமெரிக்க மகளிர் கல்லூரி ஒன்றில் அதை ஆடினார்கள். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை நம் சென்னையைச் சேர்ந்தவர்.

இவ்வளவு எளிய ஆட்டத்தைக்கூட நடத்த இயலாமல் சிறு கல்லூரிகள் திண்டாடுவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் கரிசல் சீமையில் ஒரு சிறு கல்லூரியின் அணி, வேறோர் ஊர்க் கல்லூரிக்குப் போட்டியாட வந்திருந்ததைப் பார்த்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆட்டக்காரர் பத்துப் பேர். காலணிகள் ஆறு ஜோடி. மாற்று ஆட்டக்காரர் ஒருவர் உள்ளே இறங்க வேண்டுமானால், வெளியே வருபவர் தம் காலணியைக் கழற்றித் தர வேண்டும். அளவு பொருந்தாதவர் துணியை முன்பக்கம் திணித்துக்கொள்வார். நடுவர் நல்ல மனிதர். ஊதலை வாயில் வைத்துக்கொண்டு, வேறு திசையில் பார்த்தபடி காத்திருந்தார். அந்த அணி தோற்றது என்று சொல்லவும் வேண்டுமோ! ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு எதிர்க்கல்லூரி மாணவர்களே கை தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அக்கல்லூரி முதல்வரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கசப்பில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னார்: “விளையாட்டு மண்டபம் கட்டித் தருகிறேன் என்று வருபவர்கள் இருக்கிறார்கள் ஐயா. பந்து வாங்கித் தருகிறேன் என்று வருபவர் ஒருவரும் இல்லை.”

இச்சொல்லை நான் மறக்கவில்லை. மண்டபத்தில் கல்வெட்டுப் பதிக்கலாம். பந்தில் பெயர் பொறித்தால் மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். சொரசொரப்பான திறந்தவெளித் தளத்தில் ரப்பர்ப் பந்தே ஓராண்டு தாங்குவது அரிது. தோல் பந்து அங்கே ஆகவே ஆகாது. வலை அறுகிறது, காலணி கிழிகிறது, பேருந்துக் கட்டணம் ஏறுகிறது. இவை ஒருமுறை கொடுத்துத் தீர்க்கும் செலவுகள் ஆகமாட்டா. ஆண்டுதோறும், மாதந்தோறும் திரும்பி வருபவை. அரசு மானியம் பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியத்தை அம்மானியம் தாங்குகிறது. மானியமின்றிச் சுயநிதியில் நடக்கும் சிறு கல்லூரியில், மாணவர் தரும் கட்டணத்திலிருந்தே ஊதியம், மின்சாரம், ஆய்வுக்கூடம் எல்லாம் நடந்தாக வேண்டும். ஓர் ஆண்டு மாணவர் சேர்க்கை குறைந்தால், முதலில் வெட்டு விழுவது கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியில். விளையாட்டு அந்தக் கடைசி வரியிலேதான் குடியிருக்கிறது.

பணத்தைத் திரட்டுவதற்கு நம் வட்டாரத்தார் அறிந்திருந்த ஒரு பழைய வழியை இங்கே நினைவுகூர்வது தகும். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்த நாடார் பெருமக்கள், தங்களுக்குள் மகமை என்னும் முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். வாங்கும் சரக்குக்கும் விற்கும் சரக்குக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொது நிதிக்குப் போய்விடும். கொடுப்பவருக்குச் சுமை தெரியாது. சேருவதோ நின்று நிலவும் நிதி. முதலில் வண்டிப்பேட்டைகளுக்கும் கிணறுகளுக்கும் பயன்பட்ட அந்நிதி, பின்னர்ப் பள்ளிகளாக மலர்ந்தது. காமராசர் சிறுவராக இருந்தபோது படித்த விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. அப்பள்ளிக்குப் பிடி அரிசி முறையும் துணை நின்றது. வீட்டில் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள்; சேர்ந்த அரிசியை வீடுவீடாகப் பெற்றுச் சென்று பள்ளிச் செலவுக்கு ஆக்குவார்கள். ஒரு சமூகத்தார் தமக்குள் அமைத்த நிதி அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நிதியில் எழுந்த பள்ளியோ எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. திருமங்கலத்தில் இன்று பி.கே.என். என்னும் பெயரில் பள்ளிகளும் கல்லூரியும் நடந்துவருவதை அவ்வூர் மாணவர்கள் நன்கு அறிவீர்கள்.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-இல், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கடம்பத்தூரில் தொடங்கின. ஊர்மக்கள் நிலம் தந்தார்கள், கட்டடம் தந்தார்கள், பலகை, நாற்காலி, சீருடை தந்தார்கள். போற்றத்தக்க இயக்கம் அது. ஆயினும் மகமைக்கும் அதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. மாநாட்டில் கிடைப்பது ஒருநாள் மழை, மகமை ஊற்று. பள்ளிக்கு இரண்டும் வேண்டும். பந்துக்கும் வலைக்கும் ஊற்றே வேண்டும்.

இத்தொல்லை நம் ஏழை நாட்டுக்கே உரியது என்று கருத வேண்டாம். கூடைப்பந்து பிறந்த அமெரிக்காவிலும் சிறு கல்லூரிகள் மூடப்பட்டுவருகின்றன. அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம்-சதர்ன் என்றொரு கல்லூரி; 1856-இல் வேர்விட்டது. அதன் கூடைப்பந்து அணி, சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 1990-இலும் 1995-இலும் வாகை சூடியது. அவ்வெற்றியின் மகிழ்ச்சியில் கல்லூரி, பெரும் பல்கலைக்கழகங்கள் ஆடும் முதற் பிரிவுக்குத் தன் அணிகளை உயர்த்தியது. செலவு தாங்கவில்லை. 2006-இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவு செய்தது. அப்பிரிவில் விளையாட்டுக்கென்று மாணவருக்கு உதவித்தொகை தரலாகாது என்பது விதி. இதற்கிடையில் கடன்பட்டுக் கட்டடங்கள் எழுந்தன, நிலைநிதி கரைந்தது. மாநில அரசிடம் கேட்ட கடனும் கிட்டவில்லை. 2024-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் கல்லூரி மூடப்பட்டது. கட்டடங்கள் இருந்தன, நடத்தப் பணம் இல்லை. அந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் கரிசல் சீமை முதல்வரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

ஒரு சிற்றூரோ சிறு நகரமோ இவ்வாட்டத்தைத் தாங்கிக் காட்டியதற்கும் சான்று அருகிலேயே உண்டு. முன்னாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று தேனி மாவட்டத்தில் உள்ள பெரியகுளத்தில், பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை என்று சொன்னால் நாட்டின் எந்தக் கூடைப்பந்து வீரரும் அறிவார். பல பத்தாண்டுகளாகக் கோடைதோறும் அங்கே அகில இந்தியப் போட்டி நடக்கிறது. படைத்துறை அணிகளும் வங்கி அணிகளும் இரயில்வே அணிகளும் அந்த மலையடிவார நகருக்கு வந்து ஆடுகின்றன. மாநகரத்து அரங்குகளில் வெற்று இருக்கைகளைக் கண்டு பழகிய ஆட்டக்காரருக்கு, ஊரே திரண்டு வந்து புள்ளி எண்ணும் காட்சி புதுமையாக இருக்கும். இதுவும் ஒரு நாள் எழுச்சியால் ஆன செயல் அன்று. ஒரு கழகத்தார் விட்டுவிடாமல் ஆண்டுதோறும் செய்துவரும் வேலை.

கல்லூரி ஆட்டம் சிலருக்கு வாழ்வையே அமைத்துத் தருகிறது என்பதையும் கூறியாக வேண்டும். இரயில்வே, வங்கி, காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு வீரருக்கென்று ஒதுக்கிய வேலைகள் உண்டு. பருத்திக் காட்டில் வேலை செய்யும் பெற்றோரின் மகனுக்கோ மகளுக்கோ அவ்வேலைக்குரிய முதல் தகுதி, தன் கல்லூரியில் ஒரு களம் இருப்பது. வகுப்பறை வேண்டுமென்று 15 சென்ட் களத்தின்மேல் கட்டடம் எழுப்பும் கல்லூரி நிர்வாகத்தாரை நான் குறை கூறவில்லை. அவர்கள் நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் களம் போனால், அவ்வாசல் அந்தப் பிள்ளைகளுக்கு அடைபட்டுவிடுகிறது. நகரத்துப் பிள்ளை வேறு களம் தேடிப் போவான். கிராமத்திலிருந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளை எங்கே போவான்?

அந்தக் கல்லூரி முதல்வரிடம் அன்று மகமையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். ஓராண்டு கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடைத்தெருவில் மூன்று கடைக்காரர்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகை தர ஒப்பியிருக்கிறார்களாம். மூவரும் அக்கல்லூரியின் பழைய மாணவர்கள். பழைய மாணவர் வேறு சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் கூடைப்பந்துக்கென்று தனி ஏடு திறந்துவிட்டாராம். காலணி இப்போது பதினொரு ஜோடி. பந்து நான்கு. வலை மட்டும் இன்னும் வாங்கவில்லை. அடுத்த மாதத் தொகை வந்ததும் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.