கவனம் சிதறாமல்...

(முன்னாள் மாணவர் சந்திப்பின் ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரை)

 

"கிறிஸ்தவ வாழ்வில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி" என்று பத்து நிமிஷம் பேசச் சொல்லி நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். அப்போது என் இன்னொரு காதில் சைட் மேஸ்திரி கம்பி வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். தலைப்புக்கு ஏற்ற ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்!

இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகச் செல்போனைத் திட்டுவார்கள். நானும் திட்டலாம். ஆனால் என்னைத் திசை திருப்பியது செல்போன் அல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லோரும் கொல்லிமலையைப் பார்த்திருப்போம். மூன்றாம் ஆண்டில் நம் ஐக்கியத்தார் அங்கே ரிட்ரீட் போனோம். காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேருக்கு வாந்தி. மறுநாள் காலை வாழவந்தியில் இரண்டு கல்லறைகளுக்கு முன்னால் நின்றோம். ஒன்று ஜெசி பிராண்ட், மற்றது அவர் மனைவி எவலின். இருவரின் மரணத்துக்கும் இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள்.

ஜெசி பிராண்ட் 1907-ல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இந்தியா வந்தவர். 1913-ல் சேந்தமங்கலத்தில் எவலினை மணந்து, மலைமேல் குடியேறினார். அப்போது ரோடு கிடையாது. நடை, இல்லாவிட்டால் டோலி. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ல்தான், அன்று எல்லாம் சேலம் ஜில்லா. மேலே போய் அவர் செய்த வேலைகளைக் கேட்டால் நமக்கே தலை சுற்றும். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திக்கு வைத்தியம் பார்த்தார். தச்சு வேலை, செங்கல், கட்டடம், பள்ளிக்கூடம், போதாக்குறைக்குப் பட்டுப்பூச்சி வளர்ப்பு வேறு. இத்தனையும் ஒரே ஆள். பல ஆண்டுகள் அங்கே ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை. உள்ளூர்ப் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு இன்ஃபுளுயன்ஸா கொள்ளைநோயில் அதே பூசாரி சாகக் கிடந்தபோது, மற்றவர்கள் கிட்டே போக அஞ்சிய வீட்டுக்குள் போய்க் கஞ்சி ஊட்டியவர்கள் இந்தத் தம்பதிகள். அவர் தம் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார்.

இத்தனை வேலைக்கு நடுவே ஜெசியின் கவனம் சிதறியதா? இல்லை என்றே நினைக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் பாதி நேரம் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறது, ஆனாலும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதுபோலத்தான். பல் பிடுங்கினாலும் செங்கல் அறுத்தாலும் அவர் செய்தது அதே மலைச் சனங்களுக்குத்தான்.

1929 ஜூனில், நாற்பத்து நான்காம் வயதில், பிளாக்வாட்டர் என்னும் கொடிய காய்ச்சலில் ஜெசி இறந்துபோனார். எவலினுக்கு அப்போது வயது ஐம்பது. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக லண்டனில். கொல்லிமலை, பச்சைமலை, கல்ராயன், சித்தேரி, பெரியமலை என்று ஐந்து மலைகளுக்கும் போவதாகக் கணவனும் மனைவியும் தீர்மானித்திருந்தார்கள். ஒன்றுதான் ஆகியிருந்தது.

நண்பர்களே, இனிமேல்தான் தலைப்பே வருகிறது. இதற்குப் பிறகு அந்த அம்மாவைத் தடுக்க வந்தவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. மிஷன் அவரைச் சமவெளி ஊழியத்துக்கு மாற்றியது. விதவைப் பெண்ணைத் தனியே காட்டில் எப்படி விடுவது என்றுதான் யாரும் யோசிப்பார்கள். 1947-ல், அறுபத்தெட்டு வயதில், ஓய்வு பெறச் சொன்னார்கள். அதிலும் தப்பு சொல்ல முடியாது. ஒரே ஒரு வருஷம் கொடுங்கள், பிறகு ஓய்வு பெறுகிறேன் என்று கேட்டு வாங்கினார். அந்த ஒரு வருஷத்தில் சத்தமில்லாமல் அடுத்த மலையில் ஒரு குடிசைக்கு வேண்டிய சாமான்களைச் சேர்த்துவிட்டார். வழியனுப்பு விழாவில்தான் குட்டு உடைந்தது. மிஷனிலிருந்துதான் ஓய்வு, மலையிலிருந்து இல்லை!

எழுபது வயதைத் தாண்டி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது புத்தி சொல்ல வந்தவர் அவருடைய சொந்த மகன் டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை ஆபரேஷனால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். தாயின் உடம்பைப் பற்றி அவர் சொன்னதில் மருத்துவப்படி ஒரு பிழை கிடையாது. பாட்டி கேட்கவில்லை. இரண்டு கையிலும் கம்பு ஊன்றியும் மட்டக்குதிரை ஏறியும் மலை மலையாகப் போய்க்கொண்டே இருந்தார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்தில் அடக்கமானார்.

வேதத்தில் நெகேமியா அலங்கம் கட்டும்போது, ஓனோ பள்ளத்தாக்குக்கு இறங்கி வா, பேசலாம் என்று நான்கு தரம் ஆள் வந்தது. நான்கு தரமும் அவர் போகவில்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டவர்கள் சன்பல்லாத்தும் கேஷேமும், பகைவர்கள். எவலின் பாட்டியைக் கூப்பிட்டவர்களோ சிநேகிதர்கள். எது கஷ்டம், சொல்லுங்கள்?

ஆனால் பிடிவாதம் வேறு, நோக்கம் வேறு. சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் எல்லோரும் தேவ மனிதர்கள் ஆகிவிட மாட்டார்கள். பிள்ளைகளைக் கடல் தாண்டி விட்டுவிட்டு இருந்ததற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையையும் நான் லேசாக நினைக்கவில்லை.

இப்போது என் கதை. அன்று அந்தக் கல்லறைகளிடமிருந்து திரும்பும்போது, மாதம் ஒரு சனிக்கிழமை மலைக்கு வந்து ஒரு ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவதாக நான்கு பேர் வாக்குக் கொடுத்தோம். படிப்பு முடியும்வரை தவறாமல் போனோம். அங்கே எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பின்னத்தைக் கண்டால் பயம், ஆனால் கேள்விமேல் கேள்வி கேட்பான். கடைசித் தடவை பஸ் படிக்கட்டு வரை வந்து, "பத்தாவது பரீட்சை வரைக்கும் வருவீங்கதானே சார்?" என்றான். வருவேன் என்றேன்.

வேலை கிடைத்தது. முதல் வருஷம் சனிக்கிழமையும் சைட். இரண்டாம் வருஷம் அப்பாவுக்கு ஆபரேஷன். பிறகு எங்கள் சபையில் புதுக் கட்டடம். இன்ஜினியர் தம்பி இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று கமிட்டியில் போட்டார்கள். பாடகர் குழு, வாலிபர் கூட்டம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒரு காரணம்கூடக் கெட்ட காரணம் இல்லை, பாருங்கள்! கர்த்தருடைய வேலைதானே செய்கிறோம் என்ற நிம்மதி வேறு. லெவல் எடுக்கும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் பிசகும். பெஞ்ச் மார்க்குக்குத் திரும்பி வந்து சரிபார்க்காவிட்டால் அது தெரியவே தெரியாது. நான் திரும்பிப் போகவில்லை.

ஒருநாள் ஸ்லாப் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். அது கணக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாடத்தில் மட்டும் ஃபெயில். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் போர் போட வடநாட்டுக்குப் போய்விட்டான் என்று ஹாஸ்டல் ஆயா சொல்லித்தான் தெரிந்தது. நான் வந்திருந்தால் பாஸ் ஆகியிருப்பான் என்று சொல்லவில்லை. ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் போனை எடுத்திருக்கலாம்.

போன வருஷம் பொங்கலுக்கு அவன் ஊர் வந்திருந்தபோது செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கை முழுக்கக் காய்ப்பு. "கட்டடம் முடிஞ்சுதுங்களா சார்?" என்றுதான் விசாரித்தான். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பஸ் வந்த பிறகு, "எந்தங்கச்சி ஒன்பதாவதுங்க. அவளுக்கும் கணக்குதான் வர மாட்டேங்குது," என்றான்.

சபைக் கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். போதகருக்கு இன்னும் வருத்தம்தான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமைதோறும் மறுபடி போகிறேன். அந்தப் பெண் இப்போது பத்தாவது. அவளோடு பதினோரு பேர் உட்காருகிறார்கள். எனக்குக் கணக்கு ஒன்றுதான் ஒழுங்காக வரும். இங்கிலீஷுக்கும் சயின்ஸுக்கும் ஆள் இல்லை. காரில் மூன்று இடம் காலி. காலை ஆறு மணிக்கு நாமக்கல்லில் கிளம்பினால் எட்டரைக்குள் மேலே போய்விடலாம். வாந்தி வருகிறவர்கள் மட்டும் முன் சீட்டுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.