வானத்துக் கண்ணும் நம் ஊர்க் கண்ணும்

(சூரியநெல்லியில் நடந்த சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

வானிலையைத் தொலைவிலிருந்தே அறியும் கருவிகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்த இரயில்வே குமாஸ்தா. அறிவியல் வல்லுநன் அல்லேன். ஆயினும், மலைச்சரிவில் குடியிருப்போருக்கு இஃது ஏட்டுப் படிப்பன்று. உயிரைக் காக்கும் செய்தியாகும்.

முதற்கண் செயற்கைக்கோள். 2024 பிப்ரவரி 17-ஆம் நாள் ஏவப்பெற்ற இன்சாட்-3டிஎஸ், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம் நாட்டை நோக்குகிறது. இரவில் எவ்வாறு காணும் என்று கேட்பீர்கள். மேகம் வெளிவிடும் வெப்பக் கதிர்களையும் அஃது அளக்கிறது. மேகத்தின் முகடு எவ்வளவு குளிர்ந்துள்ளதோ, அவ்வளவு உயரமாக அது வளர்ந்துள்ளது என்பது கணக்கு.

அடுத்தது ராடார். அது வானொலி அலைகளை அனுப்பும். மழைத்துளிகளில் பட்டு அவை திரும்பும் நேரம் தொலைவைக் காட்டும். திரும்பும் வலிமை மழையின் கனத்தைக் காட்டும். துளிகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பதையும் டாப்ளர் ராடார் கூறும். இத்தத்துவம் இரயில்வேக்காரருக்குப் பழக்கமானதே. நெருங்கிவரும் எஞ்சினின் ஊதல் உயர்ந்து ஒலிக்கும். கடந்து சென்றால் தாழ்ந்து ஒலிக்கும். 1842-இல் டாப்ளர் உரைத்த இக்கருத்தை, 1845-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட், ஊதுகொம்பு வாசிப்போரை இரயிலில் ஏற்றிச் சோதித்து மெய்ப்பித்தார்.

ஆனால், கொச்சி ராடாருக்கும் நமக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் உள்ளது. பூமி வளைந்திருப்பதால், தாழ்வாகச் செலுத்திய அலையும் இங்கு வருவதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். நடுவே மலை மறித்தால் அதன் மறுபுறம் சரிவரத் தெரியாது.

1924 ஜூலை வெள்ளத்தில் மூணாற்றின் சிறிய இரயில் பாதை அழிந்தது. அன்று ராடாரும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. 2020-இல் இரண்டும் இருந்தன. ஆயினும், அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் லயங்களின்மீது மலை சரிந்து எழுபது உயிர்களைக் கொண்டது. பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அச்செய்திகூட மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது.

கருவி வேண்டா என்று நான் சொல்லவில்லை. இரயில்வேயில் சிக்னல் உண்டு. தந்தியும் தொலைபேசியும் வந்தன. எனினும், அடைமழைக் காலத்தில் காவலர் விளக்கேந்தி இருப்புப்பாதையில் நடந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. நமக்கும் அதுவே வழி.

24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கப்பட்டால் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. ஓர் ஏக்கர் தேயிலைமீது 20 சென்டிமீட்டர் பெய்தால், விழும் நீர் சுமார் 8 இலட்சம் லிட்டர்! அவ்வளவு நீரைக் குடித்த மண் எவ்வாறு நிலைக்கும்?

ஆகவே, சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒரு மழைமானியை வாங்கி வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து, ஏட்டில் எழுதுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால், சரிவின் அடியிலுள்ள குடும்பங்களைப் பொழுது சாயுமுன்னரே பாதுகாப்பான இடத்தில் தங்கச் செய்யுங்கள்.

வானத்துக் கண் மேகத்தைக் காணட்டும். நம் கண் நம் மண்ணைக் காணட்டும்.