சூழொலியும் ஒலிபெருக்கித் தெரிவும்

மட்டக்களப்பு நாட்டுக்கூத்தின் வட்டக்களரியிலே ஆடுவோர் நடுவில் நிற்பர். காண்போர் சுற்றிலும் இருப்பர். சூழொலி என்று இக்காலத்தில் வழங்கும் ஏற்பாட்டிலோ இம்முறை தலைகீழாகின்றது. கேட்போர் நடுவில் இருக்க, ஒலி அவரைச் சூழ்ந்து நிற்கின்றது. முன்னாலிருந்து உரையாடலும், இருமருங்கிலிருந்து இசையும், பின்னாலிருந்து மழையின் இரைச்சலும் வந்து செவியிற் சேர்கின்றன. படமாளிகையிற் பெற்ற இவ்வனுபவத்தை வீட்டிலேயே பெறவேண்டும் என்னும் விருப்பம் இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ளது. பணிக்கொடை பெற்றவரும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தைக் கையில் வைத்திருப்பவரும் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கிக் கடைக்குச் செல்கின்றனர்.

கடையில் முதலிற் காட்டப்படுவது எண்ணிக்கை. இத்தனை ஒலிபெருக்கிகள், இத்தனை ஆயிரம் வாற்று என்று பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பொருள் வீட்டுக்கு வருகின்றது. முதலிரண்டு நாட்கள் யன்னற் கண்ணாடிகள் அதிர்கின்றன; பிள்ளைகள் மகிழ்கின்றனர். மூன்றாம் நாள், மூலையிற் கதிரையில் அமர்ந்திருக்கும் பாட்டியார், “அவர் இப்ப என்ன சொன்னவர், பிள்ளை?” என்று கேட்கின்றார். சில நாட்களில் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டுத் தம் அறைக்குள்ளே போய்விடுகின்றார். ஓசை பெருகிற்று; சொல் குறைந்தது. பெருஞ்செலவில் வாங்கிய கருவி வீட்டிலுள்ள ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிடுமாயின், அத்தெரிவு பிழையான தெரிவேயாகும். ஆகவே ஒலிபெருக்கியைத் தெரிந்தெடுப்போர் முதலில் நோக்கவேண்டியது சொல்லின் தெளிவு. அடுத்து நோக்கவேண்டியது அறையின் இயல்பு. எண்ணிக்கையும் வாற்றும் இவ்விரண்டுக்கும் பின்னரே வரத்தக்கவை.

பல இடங்களிலிருந்து ஒலியை எழுப்பும் முயற்சி தோன்றிய வரலாறும் இவ்வுண்மையையே காட்டுகின்றது. இன்று வழங்கும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை அமெரிக்கப் பொறியியலாளரான செஸ்டர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவரும் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காந்தத்தின் இடையே அசையும் கம்பிச்சுருள் ஒரு கூம்பை அசைக்க, அக்கூம்பு காற்றை அசைத்து ஒலியை எழுப்புகின்றது. பேசும் படங்கள் பரவத் தொடங்கிய காலத்தில், நடிகர் திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு நடந்தாலும் அவர் குரல் நின்ற இடத்திலேயே நின்றது. இக்குறையைக் கருத்திற்கொண்ட ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளும்லைன், இருவழி ஒலிமுறைக்கான காப்புரிமையை 1931ஆம் ஆண்டு டிசெம்பரிற் கோரினார். 1933ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் இசைத்த வாத்தியக் குழுவின் இசை மூன்று தொலைபேசி வழிகளினூடாக வாஷிங்டனிலுள்ள மண்டபம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. இடம், வலம் என்னும் இரண்டோடு நடுவழி ஒன்றும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தது. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த வோல்ற் டிஸ்னியின் ‘பன்ரேசியா’ படத்திலும் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என மூன்று வழிகள் அமைந்தன. பிற்காலத்தில் 1992இல் டொல்பி டிஜிட்டல் முறையும், 2012இல் தலைக்கு மேலிருந்தும் ஒலியை வரச்செய்யும் டொல்பி அட்மொஸ் முறையும் படமாளிகைகளுக்கு வந்தன. முறைகள் மாறியபோதும், குரல் அதற்குரிய இடத்திலிருந்து எழவேண்டும் என்னும் முதல் நோக்கம் மாறவில்லை.

வீடுகளிற் பெரிதும் வழங்குவது ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்னும் ஏற்பாடு. முன்னே இடம், நடு, வலம் என மூன்று, கேட்போரின் இருமருங்கிலும் சற்றே பின்தள்ளி இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென அமைந்த சப்வூபர் என்னும் பெட்டியைக் குறிக்கும். இவ்வாறுள் வீட்டார் பெரும்பாலும் முதலில் மதிப்பது அதிர்வைத் தரும் சப்வூபரை. இறுதியாக நினைப்பது நடுவிலுள்ள சிறு பெட்டியை. ஆனால் படத்தின் உரையாடலிற் பெரும்பகுதி அந்த நடு ஒலிபெருக்கியினூடாகவே வருகின்றது. ஆகவே செலவைப் பங்கிடும்போது அதற்கு முதன்மை கொடுத்தல் தகும்.

தமிழிலக்கணத்தின் உயிர், மெய் என்னும் பாகுபாடு இங்கே விளக்கத்துக்குத் துணைசெய்யும். பால், கால், வால் என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்துவது முதலில் நிற்கும் மெய்யொலி ஒன்றேயாம். உயிரொலி வலியது, நீண்டு நிற்பது, தாழ்ந்த அதிர்வுகளில் மிகுந்த ஆற்றலுடையது. மெய்யொலிகளுட் பல மெலியன, கணப்பொழுதில் மறைவன, அவற்றை அடையாளங்காட்டும் கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளில் உள்ளன. முதுமையிற் செவி முதலில் இழக்கத் தொடங்குவதும் அவ்வுயர்ந்த அதிர்வுகளையே. எனவே ஒலியின் அளவைக் கூட்டினால் உயிரொலியும் வெடிச்சத்தமும் பெருகுமேயன்றி, பால் எது, கால் எது என்பது தெளிவாவதில்லை. மெய்யொலியைச் சிதைக்காது தரும் நடு ஒலிபெருக்கியே முதியோருக்கு உற்ற துணையாகும்.

இரண்டு முன் ஒலிபெருக்கிகள் மட்டும் இருந்தாற் போதாவோ எனச் சிலர் வினவலாம். சரிநடுவில் அமர்ந்து கேட்பவர் ஒருவருக்குப் போதும். அவருக்கு இரு பெட்டிகளின் ஒலியும் ஒரே வேளையில் வந்து சேர்வதால், குரல் நடுவிலிருந்து வருவதுபோலவே தோன்றும். ஆனால் குடும்பத்தார் அனைவரும் ஒரே கதிரையில் அமர முடியாது. ஓரத்தில் இருப்பவர் செவிக்கு அருகிலுள்ள பெட்டியின் ஒலி சிறிது முந்தி வர, குரல் முழுவதும் அப்பெட்டியிலிருந்தே வருவதாக அவர் உணர்வார். முந்திவரும் ஒலியின் பக்கமே செவி சாயும் என்னும் இவ்வியல்பை ஜேர்மனியில் ஹெல்மற் ஹாஸ் என்பவர் 1949ஆம் ஆண்டில் ஆராய்ந்து விளக்கினார். நடு ஒலிபெருக்கி இருந்தால் எவர் எங்கிருப்பினும் குரல் திரையிலிருந்தே வரும். அது இடத்திலும் வலத்திலும் உள்ளவற்றோடு ஒரே வரிசையைச் சேர்ந்த, ஒரே குரற்றன்மை கொண்டதாய் இருத்தல் வேண்டும். இன்றேல், திரையிற் பேசிக்கொண்டே நடப்பவரின் குரல் இடையில் வேறொருவர் குரல்போல மாறும். அதனை அலுமாரித் தட்டின் உட்புறத்தில் ஒளித்து வைத்தலும் ஆகாது. தட்டின் விளிம்புவரை முன்னே கொணர்ந்து, அதன் முகத்தைக் கேட்போர் செவியை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தல் வேண்டும்.

இனி வாற்று என்னும் கணக்கைப் பார்த்தல் நலம். 50 வாற்றிலிருந்து 100 வாற்றுக்குச் சென்றாற் கிடைக்கும் மிகுதி 3 தெசிபெல் மட்டுமே. ஓசை இருமடங்காயிற்று என்று செவி உணர்வதற்கு ஏறத்தாழ 10 தெசிபெல் வேண்டும். அதற்கு வாற்றைப் பத்துமடங்காக்க வேண்டும். ஆகவே பெட்டியின் மேலுள்ள பேரெண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. அதிலும் பி.எம்.பி.ஓ. என்னும் குறியோடு வரும் ஆயிரக்கணக்கான வாற்று, கருவி தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலன்று. ஆர்.எம்.எஸ். என்னும் கணக்கில் எத்தனை வாற்று என்று கேட்டறிதலே முறை. ஒரு வாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும்போது ஒலிபெருக்கி எத்தனை தெசிபெல் தருகின்றது என்பதையும் வினவுதல் நன்று. 87 தெசிபெல் தரும் பெட்டிக்குத் தேவையான ஆற்றலிற் பாதியே 90 தெசிபெல் தரும் பெட்டிக்குப் போதுமானது. ஒலிபெருக்கியின் ஓம் அளவு, அதனை இயக்கும் அம்பிளிபயர் தாங்கும் அளவுக்குக் குறையாதிருத்தலும் வேண்டும்.

சொல்லின் தெளிவுக்கு அடுத்தது அறை. ஒரே ஒலிபெருக்கி கடையில் ஒருவகையாகவும் வீட்டில் வேறொருவகையாகவும் கேட்பதற்குக் காரணம் அறையேயாகும். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட மண்டபத்தில் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின்மேல் விழும். இதனை அறிய அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினாற் போதும். தட்டிய ஓசையின் பின்னே கணகணவென ஒரு வால் நீளுமாயின், புதிய ஒலிபெருக்கிக்கு முன் அவ்வறைக்கு வேண்டியவை தடித்த திரைச்சீலை, தரையிற் கம்பளம், சுவரோரமாக நூல்கள் நிறைந்த திறந்த தட்டுகள் ஆகியன. இவற்றுக்காகும் செலவு சிறிது, பயன் பெரிது. பன்னிரண்டடிக்குப் பத்தடி போன்ற சிற்றறைக்கு ஆளுயரப் பெட்டிகள் வேண்டியதில்லை. சிறிய பெட்டிகளைத் தாங்கியில் ஏற்றிச் செவிமட்டத்தில் வைத்தல் அதற்குப் பொருந்தும். முன் இரண்டும் கேட்போரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளாக அமைதல் சிறந்தது. பக்க ஒலிபெருக்கிகள் நேர்முன்னிலிருந்து 100 முதல் 120 பாகை வரை விலகி, செவிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கலாம். அவை சூழலை உணர்த்துவதற்கே உரியவை, உரையாடலோடு போட்டியிடுவதற்கல்ல.

கூரையும் கவனிக்கத்தக்கது. மேல்நோக்கி ஒலியை எறிந்து, முகட்டிற் பட்டுக் கீழே வரச்செய்யும் ஒலிபெருக்கிகள் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. தட்டையான, கடினமான உட்கூரை உள்ள வீட்டிலேயே அவை தம் தொழிலைச் செய்யும். சாய்வான ஓட்டுக்கூரையின் கீழ் அவ்வொலி வேறு திசைகளிற் சென்று சிதறும். அத்தகைய வீட்டார் அச்செலவைத் தவிர்த்து, அப்பணத்தை முன் ஒலிபெருக்கிகளில் இடுவது அறிவுடைமை.

சப்வூபரின் இயல்பு தனியானது. 80 ஹேட்ஸ் அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் நான்கு மீற்றருக்கும் மேற்பட்டது. அவ்வளவு நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை அறைக்குள்ளே செவி எளிதில் அறியாது. எனவே இப்பெட்டியை வசதியான இடத்தில் வைக்கலாம். ஆயினும் மூலையில் வைத்தால் அறை முழுவதும் கும்மென்று அதிர்ந்து, குரலை மூடிவிடக்கூடும். பொருத்தமான இடத்தை அறிய எளிய வழியொன்று உண்டு. பெட்டியைக் கேட்போர் அமரும் இடத்தில் வைத்துத் தாழ்ந்த ஒலியுள்ள இசையை ஒலிக்கச்செய்து, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்கவேண்டும். எந்த இடத்தில் ஓசை வீங்காமலும் மெலியாமலும் சீராகக் கேட்கின்றதோ, அதுவே பெட்டிக்குரிய இடம். சுவருக்கு அப்பால் அயலார் உறங்குகின்றனர் என்பதும், தாழ்ந்த ஒலியே சுவரை எளிதிற் கடக்கும் என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நாட்டுக்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஒலிபெருக்கிக் கூம்பின் ஓரத்தைச் சுற்றியுள்ள வளையம் சிலவற்றில் நுரைப்பொருளாலும் சிலவற்றில் இறப்பராலும் ஆனது. நுரை வளையம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் உக்கி உதிரும். இறப்பர் வளையம் நெடுங்காலம் நிற்கும். பழைய பெட்டியை மலிவாக வாங்குவோர் முன்வலையைக் கழற்றி இவ்வளையத்தைப் பார்த்தல் அவசியம். வயர்களைப் பூட்டும்போது சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தல் வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் இவை மாறிவிடின், இரு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து, ஒன்றின் தாழ்ந்த ஒலியை மற்றது அழித்துவிடும்.

கடையிற் சோதிக்கும் முறை யாது? வெடியும் இடியும் நிறைந்த காட்சியை வைத்துக் காட்டினால் எக்கருவியும் வியப்பூட்டும். அதனைக் கேட்டு முடிவுசெய்தல் ஆகாது. வானொலிச் செய்தி வாசிப்பை, அல்லது நன்கு பழகிய ஒருவரின் பேச்சை முதலில் ஒலிக்கச்செய்ய வேண்டும். அது அருகிருந்து பேசுவதுபோல் இயல்பாக இருக்கின்றதா, பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கின்றதா என்று செவி தானே சொல்லும். பின்னர் வாய்ப்பாட்டு, அதன் பின்னரே படக்காட்சி. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைத்துக் கேட்டல் வேண்டும். சற்றே உரத்துக் கேட்பதைச் சிறந்தது என்று எண்ணுவது செவியின் பலவீனம். இயலுமாயின் வீட்டிலுள்ள முதியவரையும் உடன் அழைத்துச் சென்று, ஓரத்துக் கதிரையில் அமர்த்திக் கேட்கச்செய்தல் நன்று. அவருக்குச் சொல் விளங்கினால் ஏனையோருக்கும் விளங்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டும் என்னும் கட்டாயம் எவருக்கும் இல்லை. கைப்பணம் குறைவாயின் முதலில் நல்ல முன் ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கலாம். நடு ஒலிபெருக்கி இல்லை என்று அம்பிளிபயரிற் குறித்துவிட்டால், அதற்குரிய உரையாடலை அது இவ்விரண்டுக்கும் பகிர்ந்தளிக்கும். அடுத்த ஆண்டில் அதே வரிசையைச் சேர்ந்த நடு ஒலிபெருக்கி, பின்னர் சப்வூபர், இறுதியிற் பக்க ஒலிபெருக்கிகள் இரண்டு. மலிவான ஆறினை ஒருங்கே வாங்கியவர் சில ஆண்டுகளில் ஆறையும் மாற்ற நேரிடலாம். இவ்வாறு படிப்படியாக வாங்கியவர் எதனையும் எறியவேண்டியதில்லை. நல்ல ஒலி என்பது சுவரை அதிரவைப்பதன்று. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே சொல் ஒரே வேளையில் விளங்குவதே அதன் பயன்; பிள்ளைகள் சிரிக்கும்போது பாட்டியாரும் உடன் சிரிக்கின்றாரா என்பதே அதற்கு ஏற்ற அளவுகோல்.