கதவு உள்ள கனவு, கதவில்லாக் கனவு

தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் போதும், இல்லாத ஊரில் நடக்கலாம், இல்லாத மனிதரோடு பேசலாம். மெய்நிகர் உலகம் என்று இதனை அழைக்கிறோம். கருவி கடைக்கு வருமுன்பே கதாசிரியர்கள் இதனைக் கற்பனை செய்துவிட்டார்கள். அவர்கள் காட்டியது பொன்னுலகத்தையா, நரகத்தையா?

இந்தக் கேள்விக்கு விடை தேட, திருகோணமலைச் சுவாமிமலையிலிருந்து தொடங்கலாம். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள் அந்த மலையடிக் கடலில் கிடக்கின்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் அங்கே சுழியோடி அவற்றைக் கண்டார்கள். மறு ஆண்டில் கிளார்க் அந்த அனுபவத்தை நூலாக்கினார்.

அதே 1956இல்தான் அவருடைய ‘த சிட்டி அன்ட் த ஸ்டார்ஸ்’ நாவலும் வெளிவந்தது. திருகோணமலைக் கடல் இந்த நாவலைத் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டுகள் பொருந்துகின்றன, அவ்வளவுதான். ஆனாலும் பொருத்தம் சுவையானது.

டயஸ்பார் என்பது நூறு கோடி ஆண்டு பழைமையான நகரம். அங்கே நோயில்லை, பசியில்லை. பொழுதுபோக்காக மக்கள் வீட்டில் மஞ்சத்தில் படுத்தபடி ‘சாகா’ என்னும் கற்பனைச் சாகசங்களுக்குள் நுழைகிறார்கள். அதற்குள் இருக்கும்வரை அது கற்பனை என்றே தெரியாது. நாவல் தொடங்குவதே அப்படியொரு குகைச் சாகசத்தின் நடுவில்தான். அல்வின் என்னும் இளைஞன் குகையைவிட்டு வெளியே, மலைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். உடனே சாகசம் கலைந்துபோகிறது. தோழர்கள் சினக்கிறார்கள். நம்முடைய கதைகள் எல்லாம் ஏன் குகைக்குள்ளேயே நடக்கின்றன, ஏன் வானத்தின் கீழ் நடப்பதில்லை என்று அவன் கேட்கிறான். நகரத்தார் வெளியுலகுக்கு அஞ்சுகிறவர்கள். அவர்களுடைய கனவுக்கும் அதே மதில்தான்.

1949இல் வந்த ‘த லயன் ஒப் கொமார்’ என்ற கதையிலும் கிளார்க் இதையே தொட்டிருக்கிறார். அங்கே இயந்திரங்கள் ஊட்டும் கனவில் துயில்வோருக்கு விழித்தெழ விருப்பமில்லை. 1992இல் நீல் ஸ்டீபன்சன் ‘ஸ்னோ கிராஷ்’ நாவலில் ‘மெட்டாவேர்ஸ்’ என்ற சொல்லைப் படைத்தார். 2021இல் ஒரு பெரிய கம்பனி அதிலிருந்தே தனக்குப் பெயர் எடுத்துக்கொண்டது. நாவலைச் சரியாகப் படித்துத்தான் எடுத்தார்களோ, தெரியவில்லை! மாயத் தோற்றம் நமக்கும் புதிதல்ல. மயன் சமைத்த மண்டபத்தில் தரையென்று எண்ணித் தண்ணீரில் விழுந்த துரியோதனனை அறியாதவர் நம்மில் யார்?

பொன்னுலகமா நரகமா என்பதை அந்த உலகின் அழகை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பது என் எண்ணம். அதற்குக் கதவு உண்டா, திறப்பு யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்கவேண்டும்.

துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் இருக்கிறது. 2006 ஏப்ரலில் தாக்குதலுக்குத் தப்பி ஓடிய அவ்வூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய காணி உயர் பாதுகாப்பு வலயமானது. அந்த முகாமில் ஒரு பெரியவரின் தலையில் இந்தக் கருவியை மாட்டி, அவருடைய முற்றத்தையும் கிணற்றடியையும் பனைகளையும் அப்படியே காட்டியிருந்தால்? முதல் நாள் அழுதிருப்பார். இரண்டாம் நாளும் கேட்டிருப்பார். காணியைத் திருப்பித் தருவதைவிட அந்தக் கருவியைத் தருவது யாருக்குச் சுலபம் என்பதையும் யோசிக்கவேண்டும். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு அது நல்லதொரு பொழுதுபோக்கு. படம் ஒன்றுதான்.

வீடு திரும்பக்கூடியவனுக்கு அந்தக் கனவைக் கொடுக்கலாம். திரும்ப முடியாதவனுக்குக் கொடுப்பதானால், அவனுடைய கோரிக்கையைக் கைவிடச் சொல்லாமல் கொடுக்கவேண்டும். கிளார்க்கின் நாவலில் நான் மெச்சுவது இந்த இடத்தைத்தான். அல்வின் நகரின் ஓரத்துக் கோபுரத்திலிருந்து எட்டிப் பார்த்தபோது தெரிந்தது வெறும் பாலைமணல். அப்படியிருந்தும் அவன் வெளியே போக வழி தேடினான்.

சம்பூர்க் காணிகள் 2015இலும் 2016இலும் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களை வரவேற்க வீடுகள் இருக்கவில்லை. பற்றைக்காட்டுக்குள் தங்கள் வளவு எதுவென்று தேடத் தொடங்கினார்கள்.